கேமிங் கணினி: எந்தப் பாகம் எதோடு பொருந்தும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா மகனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, ராம் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கட்டுமா?" கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஒன்றரை ஆண்டு சேர்த்த பணத்தில் முதல் கேமிங் கணினியைத் தானே பூட்ட உட்கார்ந்திருந்தான். வீடியோவில் காட்டச் சொன்னேன். பார்த்தவுடன், "அழுத்தாதே, கையை எடு" என்றேன்.

ராம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம். எல்லாப் பாகங்களும் வந்து சேரும் மதர்போர்டு என்ற பலகையில்தான் அதைச் சொருக வேண்டும். அவன் மதர்போர்டு டிடிஆர்5 என்ற புதிய வகை ராமுக்கானது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கி வைத்திருந்த ராம், அதற்கு முந்தைய டிடிஆர்4 வகை. இரண்டும் ஒரே நீளம். இரண்டிலும் தங்க நிறத் தொடுமுனைகள் 288. அடிப்பக்கத்தில் உள்ள வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டின் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். டிடிஆர்4 வழக்கமாக 1.2 வோல்ட்டில் இயங்குவது, டிடிஆர்5 1.1 வோல்ட்டில். அழுத்தியிருந்தால் ராமும் போயிருக்கும், அதைச் சொருகும் ஸ்லாட்டும் போயிருக்கும்.

ராம் விற்ற கடை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கியதில் பாதி விலைக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட வேண்டியதாயிற்று. உழைத்துச் சேர்த்த பணம். முதல் முறை கணினி பூட்டும் எந்தப் பிள்ளைக்கும் இப்படி நேரக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பொருத்தம் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பாகம் அந்த இடத்தில் நுழையுமா? நுழைந்த பிறகு அது இதை அடையாளம் கண்டுகொள்ளுமா? வேலை செய்யும்போது மின்சாரத்தையும் சூட்டையும் தாங்குமா? கீசருக்கான பெரிய 16 ஆம்பியர் பிளக்கை, இடையில் ஒரு மாற்றியைச் செருகி, சிறிய 6 ஆம்பியர் பாயிண்டில் சொருகுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நுழைந்துவிடும், வெந்நீரும் வரும். சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும். கணினியிலும் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

பிராசசரும் மதர்போர்டும்

கணினியின் மூளையான பிராசசர் மதர்போர்டில் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் உட்காரும். பெயரில் உள்ள எண், தொடுமுனைகளின் எண்ணிக்கை. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 வேண்டும், பழைய போர்டில் அது உட்காராது. போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5, அதற்கு முந்தைய ரைசன் 5000 போன்றவற்றுக்கு ஏஎம்4. ஏஎம்5 டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும், ஏஎம்4 டிடிஆர்4 மட்டும். எல்ஜிஏ 1700 மட்டும் குழப்பக்கூடியது. சிப்செட் என்பது போர்டில் உள்ள மற்ற இணைப்புகளைப் பிராசசரோடு சேர்க்கும் சில்லு. ஒரே பெயருள்ள சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும். மாடல் பெயரின் கடைசியில் 'டி4' என்ற சின்ன ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கும்.

சாக்கெட் பெயர் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 2015இல் இன்டெல் தன் 6ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறையும் அதே எல்ஜிஏ 1151தான். பழைய போர்டில் வைத்தால் அழகாக உட்காரும். ஆனால் இயங்காது. சில தொடுமுனைகளின் வேலையை மாற்றிவிட்டார்கள், புதிய 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு கட்டாயம் வேண்டும் என்றார்கள். ஆக, சாக்கெட்டோடு சிப்செட்டையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

சிப்செட்டும் சரியாக இருந்து, கணினி உயிர் பெறாமல் போவதும் உண்டு. மதர்போர்டுக்குள் பயாஸ் என்ற சிறு மென்பொருள் இருக்கிறது. எந்தெந்தப் பிராசசர் வந்தால் எப்படி எழுப்புவது என்று அதற்குத்தான் தெரியும். போர்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளுக்குப் பிறகு பிறந்த பிராசசரை அதற்குத் தெரியாது. 2018இல் வந்த பி450 சிப்செட் போர்டுகளில் 2020இல் வந்த ரைசன் 5000 வேலை செய்யும், ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகுதான். இன்றும் இதே சிக்கல் வருகிறது. கடையில் நாளாக இருந்த பி650 போர்டில் ரைசன் 9000 வரிசைப் பிராசசரை வைத்தால் திரை இருளாகவே இருக்கலாம். விசிறி சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. புதியவர்கள் போர்டு பழுது என்று நினைத்துக் கலங்கிப்போவது இங்கேதான்.

இதற்கு வழி எளிது. ஒவ்வொரு மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலும் அந்த மாடலுக்கென்று பிராசசர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். உங்கள் பிராசசரின் பெயருக்கு நேராக, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறத்தில் இருக்கிறது. இரண்டு போர்டுகளுக்கு இடையே தடுமாறினால், நான் அந்தப் பொத்தான் உள்ளதையே எடுக்கச் சொல்வேன்.

தாங்குமா என்ற கேள்வியும் இந்த ஜோடிக்கு உண்டு. எச்610 சிப்செட் போர்டுகள் விலை மலிந்தவை. ஐ9-14900கே பிராசசரை அதில் பூட்டினால் பட்டியல்படி பொருந்தும். ஆனால் அந்தப் பிராசசர் முழு வீச்சில் 253 வாட் வரை இழுக்கக்கூடியது. மலிவுப் போர்டில் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் பகுதி அவ்வளவு பெரியது அல்ல. அது சூடாகி, பிராசசரின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். பெரிய விலை கொடுத்து வாங்கிய வேகம் அங்கே வீணாகிறது. அதே போர்டில் ஐ5-12400எஃப் நிம்மதியாக ஓடும்.

ராமைப் பற்றி இன்னும் கொஞ்சம்

16 ஜிபி ராம் ஒன்றை வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டை, அல்லது 32க்கு 16 இரண்டை, ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குவது நல்லது. பிராசசருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் போட்டால் ஒரு வழி சும்மா கிடக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஜோடியைப் பக்கத்துப் பக்கத்தில் போடக் கூடாது. பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள். போர்டோடு வரும் கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள்.

பெட்டியில் வேகம் 6000 என்று எழுதிய டிடிஆர்5 ராமைப் போட்டுவிட்டு, கணினி 4800 என்று காட்டுகிறதே என்று புலம்புகிறவர்கள் நிறைய. அது குறைபாடு இல்லை. பயாஸுக்குள் போய் இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஒருமுறை இயக்கிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அதன் பிறகுதான் கைக்கு வரும்.

'இப்போது இரண்டு, அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு' என்று திட்டமிடுகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். டிடிஆர்5இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும்போது வேகம் விழுகிறது. ஏஎம்5 பிராசசர்களுக்கு நான்கு ராம் போட்டால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600தான். தேவையான அளவை முதலிலேயே இரண்டில் முடித்துக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்

விளையாட்டுக் கணினியில் பெரும்பணம் போவது, திரையில் வரும் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு. ஆனால் சொருகுவதில் இதுதான் மிகவும் சாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற நீண்ட ஸ்லாட் தலைமுறை பார்ப்பதில்லை. புதிய கார்டு பழைய போர்டிலும், பழைய கார்டு புதிய போர்டிலும் இயங்கும், வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததற்கு இறங்கும். இங்கே கேள்வியெல்லாம் மின்சாரமும் நீளமும்தான்.

எந்தக் கார்டு என்பதை மானிட்டரும் நீங்கள் ஆடும் விளையாட்டும் முடிவுசெய்யட்டும். வேலரண்ட் போன்ற விளையாட்டு கார்டை அதிகம் வருத்தாது, பிராசசரைத்தான் கேட்கும். சைபர்பங்க் 2077 நேர் எதிர். 1920×1080 அளவுள்ள, நொடிக்கு 60 முறை மட்டும் படத்தை மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு என்விடியா நிறுவனத்தின் விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி வாங்குவது போல.

கார்டுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. ஸ்லாட் வழியாக 75 வாட் வரை. மீதி, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரே வரும் கேபிளில். 8 பின், அதாவது எட்டு முனை கொண்ட கேபிள் ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டின் தேவை 200 வாட். 75ஐயும் 150ஐயும் கூட்டினால் 225. அதனால்தான் அந்த வகையில் பல கார்டுகள் ஒரே ஒரு 8 பின் கேபிளோடு நிற்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட், ஆர்டிஎக்ஸ் 5090க்கு 575 வாட். இவை 16 சிறிய முனைகள் கொண்ட புதிய இணைப்பைப் பயன்படுத்துகின்றன. 2022இல் 4090 வெளிவந்த சில வாரங்களிலேயே இந்த இணைப்பு உருகிய படங்கள் உலகம் முழுதும் பரவின. கேபிள் முழுவதும் உள்ளே சென்று அமராதது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு இணைப்பின் வடிவத்தையே திருத்தினார்கள். இந்த வகைக் கார்டு வாங்கினால், கேபிளை அழுத்திய பிறகு இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிராசசருக்குப் போகும் மின்கேபிளும் 8 பின், கிராபிக்ஸ் கார்டுக்குப் போவதும் 8 பின். இரண்டும் ஒன்றல்ல. பிராசசருடையது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். முனையில் எழுதியும் இருக்கும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். மற்ற எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது இது. செலவைக் குறைக்க நம் ஆட்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். மலிவு கேபினட்டோடு, அதாவது கணினிப் பெட்டியோடு, 'இலவசமாக' வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேமிங் கணினியில் போடவே போடாதீர்கள். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் உள்ள அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்த வரிசையில் 18 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள். 216 வாட்தான். நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 54 ஆம்பியர் இருக்கும். பெருக்கினால் 648 வரும். ஒட்டிய எண் உண்மையா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எத்தனை வாட் வேண்டும்? ரைசன் 5 7600 முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070க்கு 200. போர்டு, ராம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள். மொத்தம் 350 பக்கம். அப்படியானால் 400 வாட் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தன் அளவை மீறித் துள்ளி இழுக்கும். அந்தத் துள்ளலுக்கு இடம் விட வேண்டும். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட். பெட்டியில் உள்ள வெண்கலம், தங்கம் என்ற 80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றிதழ் இல்லை.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் சொருகாதீர்கள். போர்டுப் பக்கம் போகும் முனை எல்லாருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதியே கிடையாது. வடிவம் ஒன்றாக இருக்கும், உள்ளே 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பல ஆண்டுப் புகைப்படங்களை இப்படி ஒரே நொடியில் இழந்த நண்பர் எனக்கு உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் பழைய கேபிள்கள் எல்லாவற்றையும் உருவி வெளியே எடுத்துவிட வேண்டும்.

நம் ஊர் மின்சாரத்துக்கென்று இரண்டு வார்த்தை. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால், அந்தப் பிளக் பாயிண்டுக்கு எர்த் சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்துவிட்டுக் கணினியை ஓட்டுங்கள். பழைய கணினிக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். மேலே போட்ட 350 வாட் கணக்கோடு மானிட்டரையும் சேர்த்துப் பாருங்கள். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால், யுபிஎஸ்ஸும் அந்த நொடியே கையை விரித்துவிடும்.

அளவு நாடா எடுங்கள்

கேபினட் வாங்குமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது மதர்போர்டு. ஏடிஎக்ஸ் 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய கேபினட்டில் சிறிய போர்டு போகும், சிறியதில் பெரியது போகாது. இரண்டாவது கிராபிக்ஸ் கார்டின் நீளம். 300 மில்லிமீட்டரைத் தாண்டும் கார்டுகள் இப்போது சாதாரணம். கேபினட் விவரத்தில் '330 மில்லிமீட்டர் வரை' என்றிருந்தாலும், முன்பக்கம், பிராசசரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டரை மாட்டினால் அதில் ஐந்து சென்டிமீட்டர் கழிந்துவிடும். 27 ரேடியேட்டருக்கு, 25 விசிறிக்கு. மூன்றாவது கூலரின் உயரம். நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய கூலர் 165 மில்லிமீட்டர் உயரம். ஒல்லியான கேபினட்டில் கண்ணாடிக் கதவு மூடாது.

பழைய கூலரைப் புதிய கணினிக்கு எடுத்துப்போவதாக இருந்தால் மாட்டும் துளைகளைப் பாருங்கள். ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5இலும் மாட்டும். இன்டெல்லில் எல்ஜிஏ 1200க்கு 75 மில்லிமீட்டராக இருந்த துளை இடைவெளி, எல்ஜிஏ 1700இல் 78 ஆகிவிட்டது. அதற்கு வேறு பிடிமானம் வாங்க வேண்டும். கேபினட்டின் முன்பக்கம் மூடிய கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியில் கொதிக்கும்போது, வெளிக்காற்று தாராளமாக உள்ளே வருவதுதான் கார்டைக் காப்பாற்றும்.

எஸ்எஸ்டியில் ஒரே கண்ணி. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் மெதுவான சாட்டா வகையும் உண்டு, வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், நான்காம் தலைமுறை என்விஎம்இ 7000 வரை தொடும். உங்கள் போர்டின் ஸ்லாட் எதை ஏற்கிறது என்று கையேட்டில் பாருங்கள். 2280 என்ற எண், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட் ஒன்றை நிரப்பினால் சாட்டா இணைப்பு ஒன்றிரண்டு அணைந்துபோகும், அதையும் கையேடு சொல்லும்.

அக்கா மகன் கடைசியில் பூட்டியது ரைசன் 5 7600, பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4070, 650 வாட் எஸ்எம்பிஎஸ். ராமை மாற்றிய அன்று இரவே கணினி உயிர் பெற்றது. மறுநாள் காலையில் மறுபடி அழைத்தான், குரலில் உயிரில்லை. விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறதாம். கணினியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மானிட்டர் கேபிளை மேலே மதர்போர்டின் வாயில் சொருகியிருந்தான். அந்தப் பிராசசருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் ஒன்று இருப்பதால் படம் வந்திருக்கிறது. பெயரின் முடிவில் 'எஃப்' உள்ள பிராசசராக இருந்திருந்தால் படமே வந்திருக்காது, தவறு அப்போதே தெரிந்திருக்கும். கேபிளைக் கீழே கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றச் சொன்னேன். விண்டோஸின் திரை அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று நின்றிருந்ததை 144 ஆக்கச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மாமா, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டான்.